இரண்டு ரிக்கெற், ஓர் ஆள்

போன மாதம், முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியை நான் “இஞ்சேரும்” என்று கூப்பிட்டுவிட்டேன்.

யாழ்ப்பாணத்து வாசகர்கள் இப்போதே சிரிக்கத் தொடங்கியிருப்பீர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து இந்தப் பத்தியை வாசிக்கிற நண்பர்களுக்கு மட்டும் ஒரு சின்ன விளக்கம். எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரன் எவனும் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவளும் அப்படித்தான். அவன் “இஞ்சேரும்” என்பான், அவள் “இஞ்சேருங்கோ” என்பாள். இங்கே பாரும், இங்கே பாருங்கள் — அவ்வளவுதான் அர்த்தம். கல்யாணமான மறுநாள் தொடங்கிச் சாம்பல் அள்ளுகிற காடாத்து வரைக்கும் இந்த ஒரு சொல்லிலேயே குடும்பம் ஓடிவிடும்.

சம்பவம் நடந்தது நான் இருக்கிற ரொறன்ரோ ஸ்காபரோவில் இல்லை. குரோஷியாவில், டுப்ரோவ்னிக் என்ற பழைய கடற்கரை நகரத்தின் மதில்மேல்.

ஊரைச் சுற்றி உயரமான கல்மதில். அதன் மேலேயே நடந்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். ஒரு பக்கம் கடல். மறுபக்கம், காலுக்குக் கீழே, நெருக்கியடித்துக்கொண்டு வீட்டுக் கூரைகள். சில வருடங்களுக்கு முன்னால் ஷெல்லடி பட்ட ஊர் அது. இப்போது திருத்திவிட்டார்கள். உடைந்த ஓடுகளை எடுத்துவிட்டுப் புது ஓடு போட்டிருக்கிறார்கள். புது ஓடு பளிச்சென்ற செம்மஞ்சள். பழையது வெயிலில் வெளிறிப்போன மண்நிறம். எந்த வீட்டில் ஷெல் விழுந்தது என்று மேலே நின்று பார்த்தாலே தெரிந்துவிடுகிறது.

அதில் ஒரு கூரை சரிபாதியாக இருந்தது. முன்பக்கம் முழுக்கப் பழசு, பின்பக்கம் முழுக்கப் புதுசு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இஞ்சேரும், உந்தக் கூரையைப் பாரும்” என்று கையைக் காட்டிக்கொண்டே திரும்பினேன்.

பின்னால் நின்றவர் வெயில் தொப்பி போட்ட ஓர் அம்மா. ஜேர்மன்காரியாக இருக்கவேண்டும். பாவம், நான் காட்டிய பக்கத்தைக் கவனமாகப் பார்த்தார். தலையை ஆட்டினார். “பியூட்டிபுல்” என்றார்.

நானும் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வது? அவர் போனபிறகு அந்த இடத்திலேயே கொஞ்சநேரம் நின்றேன். நல்ல வெயில். என்னைக் கடந்து எல்லோரும் சோடி சோடியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ‘தனிமை’ என்று இந்தப் பத்தியில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அது என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டு பேர் போகவேண்டிய பயணம் அது.

எனக்கு இந்த வருடம் அறுபது. அறுபதாம் கல்யாணம் செய்து பார்க்கவேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக் காலில் நின்றார்கள். ஹோல், கேற்றறிங், வீடியோ, மாலை மாற்றி மறுபடி தாலி கட்டுகிற காட்சி... ஒருதரம் கட்டியதற்கே இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன், இரண்டாம் தரம் வேண்டாம் என்று சொன்னேன். அதற்குப் பதிலாக இரண்டு விமான ரிக்கெற் எடுத்துத் தந்தார்கள்.

எங்கே போவது? என்னோடு செக்கியூரிற்றி வேலை பார்க்கிற ஈவோ குரோஷியாக்காரன். வருடக்கணக்காகத் தன் ஊர்ப் புராணம் பாடிக்கொண்டிருப்பவன். அவனுடைய அக்கா அந்த மதிலுக்குள்ளே இருக்கிற தன் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறாள். போய்ப் பார், சண்டையில் விழுந்த ஊர் எப்படி எழும்பியிருக்கிறது என்று போய்ப் பார் என்றான். எங்கள் ஊரைத்தான் போய்ப் பார்க்க வழியில்லை, அடுத்தவன் ஊரையாவது பார்ப்போம் என்று என் மனைவியும் ஓமென்றாள்.

ஓமென்றவள் வரவில்லை. ஏன்?

பிள்ளை பாக்க வேணும்.

ரொறன்ரோவில் எங்கள் ஆட்களிடம் இந்தக் காரணத்துக்கு மேல் அப்பீல் கிடையாது. “மனிசி எங்கை?” “மகளோடை. பிள்ளை பாக்கிறா.” “ஆ, அப்பச் சரி.” கதை முடிந்தது. பத்தியில் இப்போதெல்லாம் வீட்டுக்காரியைக் காணோமே என்று தமிழ்க்கடையில் என்னை மறித்துக் கேட்ட வாசகருக்கும் இதையேதான் சொன்னேன். அவரும் “அப்பச் சரி” என்று கத்தரிக்காய் பொறுக்கப் போய்விட்டார்.

மகளுக்குத் தை மாதம் ஆண்குழந்தை பிறந்தது. பத்தியக்கறி காய்ச்சிக் கொடுக்க என்று ஒரு சூட்கேசோடு மகள் வீடு இருக்கிற பிக்கரிங்குக்குப் போன என் மனைவி, மகள் வேலைக்குத் திரும்பியதும் அங்கேயே நின்றுவிட்டாள். நான் ஸ்காபரோவில், வோபர்ன் பக்கத்தில் எங்கள் அப்பாட்மென்றில். பிக்கரிங் என்ன பெரிய தூரமா? இல்லை. ஆனால் நான் கார் ஓடுவதில்லை. மருமகன் வந்து கூட்டிக்கொண்டு போனால் போவேன், கொண்டுவந்து விட்டால் வருவேன். ஊரில் என்றால் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில் நாங்களும் உரிமையோடு இருப்போம். இது மருமகன் மோட்கேஜ் கட்டுகிற வீடு. அங்கே எனக்கும் ஓர் அறை தா என்று கேட்க வாய் வருமா? சோபாவின் நுனியில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

இந்த நிலைமையில்தான் பிறம்ரனில் இருக்கிற மகன் ஒரு யோசனை சொன்னான்.

“அப்பா, உங்கட அப்பாட்மென்ரை விடுங்கோ. அம்மா தங்கச்சியோடை. நீங்கள் தனிய என்னத்துக்கு அதுக்கு வாடகை கட்டுறியள்? எங்கட பேஸ்மென்ற் சும்மாதானே கிடக்கு. வந்து இருங்கோ.”

கெட்ட எண்ணம் இல்லை, பாசம்தான். ஆனால் வரைபடத்தை ஒருதரம் எடுத்துப் பாருங்கள். பிக்கரிங் ரொறன்ரோவுக்குக் கிழக்கே. பிறம்ரன் மேற்கே. நடுவில் நானும் அவளும் சேர்ந்து இருந்த இடம் இந்த அப்பாட்மென்ற் ஒன்றுதான். இதை விட்டால், நாங்கள் இருவரும் ஒன்றாக இருக்கிற வீடு என்று உலகத்தில் எங்கேயும் இருக்காது. மாதம் முடிவதற்குள் வீட்டை விடுவதாக நோட்டீஸ் கொடுக்கவேண்டும் என்று மகன் அவசரப்படுத்தினான். போய்வந்து சொல்கிறேன் என்றேன்.

“நீங்கள் போட்டு வாங்கோ. எடுத்த ரிக்கெற் வீணாப் போடும்” என்றாள் மனைவி. அவளுடைய ரிக்கெற் வீணாகப் போனதைப் பற்றி இருவரும் பேசவில்லை. விமானத்தில் பக்கத்து இருக்கை வெறுமையாக வந்தது. இதற்கு யாராவது வருகிறார்களா என்று பணிப்பெண் கேட்டாள். “வர இருந்தது” என்றேன். என் தோள்பையை அதில் வைத்து, அதற்கு பெல்ற்றும் போட்டுவிட்டேன்.

கோட்டை என்றால் எங்கள் ஆட்களுக்கு உடனே ஒரு கோட்டை ஞாபகம் வரும். யாழ்ப்பாணக் கடற்கரையில் இருக்கிற அந்தக் கோட்டையைப் பார்க்க நாங்கள் ஆசைப்பட்டதில்லை. அதற்குள்ளே இருந்த ஆமியிடமிருந்து எது எப்போது வரும் என்றுதான் பயந்துகொண்டிருந்தோம். டுப்ரோவ்னிக் நேர்மாறு. சனம் மதிலுக்கு உள்ளே, ஷெல் வந்தது வெளியே மலைப்பக்கத்திலிருந்து. நகர வாசலில் ஒரு பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். ஊரின் படத்தைக் கீறி, எங்கெங்கே ஷெல் விழுந்தது, எந்தெந்த வீடு எரிந்தது என்று புள்ளி போட்டுக் காட்டியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு ஐஸ்கிறீம் வாங்கப் போனார்கள். நான் மட்டும் நிற்கிறேன். எங்கள் ஊருக்கு இப்படி ஒரு பலகை செய்தால் புள்ளி வைக்காத இடத்தைத்தான் தேடவேண்டிவரும்.

நான் தங்கிய வீட்டுக்காரியின், அதாவது ஈவோவின் அக்காவின், பெயர் மாரே. புருஷன் நிக்கோ. இருவருக்கும் எழுபது இருக்கும். என் அறை அவர்களுடைய குசினிக்கு நேர் மேலே. காலையில் கண் விழிக்கும்போதே கீழே “நிக்கோ” என்று ஒரு சத்தம், “மாரே” என்று பதில் சத்தம், பிறகு மளமளவென்று இரண்டு பக்கமும் பொழியும். ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் எனக்கு முழுவதும் விளங்கியது. முப்பத்தைந்து வருடம் அதே பாஷையில் பேசியவன் அல்லவா நான். கட்டிலில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். சிலவேளை நிக்கோ தோற்கப்போகிறான் என்று தெரியும்போது அவனுக்காகக் கவலைப்படுவேன்.

எதற்கு இந்தச் சண்டை என்று மாரேயிடம் கேட்டேன். அவளுக்கு ஓரளவு இங்கிலிஷ் தெரியும். கூரை ஓடுகளைப் பற்றித்தான் என்றாள். நான் மதிலில் நின்று சிரித்த அந்தப் பாதிப்பாதிக் கூரை இவர்களுடையதேதான்!

ஷெல் விழுந்து பின்பக்கக் கூரை போய்விட்டதாம். திருத்த வந்தவர்கள் முழுக்கப் புது ஓடு போட்டுத் தரலாம் என்றார்கள். நிக்கோவுக்கு அதுதான் விருப்பம். முன்பக்கம் நல்லாயிருக்கிற ஓட்டை ஏன் எறியவேண்டும் என்று மாரே மறித்துவிட்டாள். ஆளுக்குப் பாதி. இப்போது பழைய ஓடும் புது ஓடும் சந்திக்கிற இடத்தில் மழைக்கு ஒழுகுகிறது. ஒழுகும்போதெல்லாம் பிழை உன்னுடைய ஓட்டிலா, என்னுடைய ஓட்டிலா என்று தொடங்கிவிடும். அப்போது கோப்பி மேசையில் எனக்கும் ஒரு கதிரை போடுவார்கள். நீதிபதி மாதிரி இருந்து இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டுவேன்.

“ஷெல்லடிக்குள் இந்த மனுசனோடு நிலவறைக்குள் இருந்தேன்” என்றாள் மாரே. “ஷெல் பரவாயில்லை.”

பிறகு, நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள். “இரண்டு பேர் என்றுதானே தம்பி ஈவோ சொன்னான். மனைவி எங்கே?”

“மகளின் குழந்தையைப் பார்க்கிறாள்.”

“எவ்வளவு நாளைக்கு?”

“பள்ளிக்கூடம் போகும்வரைக்கும்.”

“அப்போ நீங்கள்?”

“நான் வேறு வீட்டில் இருக்கிறேன்.”

“கோபமா?”

“இல்லை, இல்லை. எங்கள் ஆட்களில் வழக்கம்.”

ரொறன்ரோவில் என்றால் இந்த இடத்தில் “அப்பச் சரி” வந்திருக்கும். மாரேக்கு அது தெரியவில்லை. அவள் திரும்பித் தன் பாஷையில் புருஷனுக்கு விளங்கப்படுத்தினாள். நிக்கோ செத்தவீட்டுக்காரனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான். எழும்பிப்போய் ஒரு போத்தலை எடுத்துவந்து சின்னக் கிளாசில் ஊற்றி என் முன்னால் வைத்தான்.

“உங்கள் நாட்டிலும் சண்டைதானே. அதிலே பிரிந்தீர்களா?” என்று மாரே விடாமல் கேட்டாள்.

என்ன சொல்வது? சண்டைக்குள்ளே நாங்கள் ஒருநாள்கூடப் பிரியவில்லை. கோயில் மண்டபத்தில் ஒரே பாயில் படுத்தோம். பங்கருக்குள் அவள் முழங்கால் என் விலாவில் இடிக்க இடிக்க இருந்தோம். கொழும்பு லொட்ஜில், கதவு பூட்டாத ஓர் அறையில், பிள்ளைகளை நடுவில் விட்டு ஆளுக்கொரு பக்கம் காவலிருந்தோம். ஷெல்லும் பொம்பரும் பிரிக்க முடியாத எங்களை, குழந்தையை வைத்துத் தள்ளுகிற ஒரு ஸ்ரோலர் பிரித்துவிட்டது. இதை எந்த இங்கிலிஷில் சொல்வது? நான் கிளாசைக் குடித்தேன். தொண்டை எரிந்தது.

அன்று பின்னேரம் தபாற்கந்தோருக்குப் போய் பிக்கரிங்குக்கு போன் எடுத்தேன். அங்கே காலைநேரம்.

“சாப்பிட்டியளோ? குளிருதோ?” என்றாள்.

“குளிரேல்லை. நல்ல இடம். இஞ்ச ஒரு கூரை...”

“பொறுங்கோ, அவன் எழும்பிட்டான். பிறகு எடுங்கோ.”

குழந்தை அழுகிற சத்தம் கேட்டது, வைத்துவிட்டாள். கூண்டுக்குள் றிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் யோசித்தேன். எட்டு மாதமாக அவள் என்னை “இஞ்சேருங்கோ” என்று கூப்பிடவேயில்லை. எப்படிக் கூப்பிடுவாள்? மணி அடிக்கிறது, எடுத்தவுடனே விஷயம்தான். அது ‘இங்கே பாருங்கள்’ என்கிற சொல். இங்கே என்று சொல்ல இருவரும் ஒரு வீட்டில் இருக்கவேண்டும். ரெலிபோனில் அந்தச் சொல் வேலை செய்யாது.

திரும்பி வந்தேன். விமான நிலையத்திலிருந்து காரில் ஏற்றிக்கொண்டு போகும்போதே மகன் கேட்டான், “அப்பா, நோட்டீஸ் விசயம் யோசிச்சியளோ?” மூன்று நாளில் சொல்கிறேன் என்றேன்.

சனிக்கிழமை மருமகன் வந்து பிக்கரிங் கூட்டிக்கொண்டு போனார். கழுவி எடுத்த படங்களைக் கொண்டுபோனேன். மதில், கடல், கோபுரம் என்று நான் பெருமையோடு எடுத்ததையெல்லாம் மனைவி சீட்டு மாதிரித் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு படத்தில் மட்டும் நிறுத்தினாள். எந்தப் பெரிய கட்டடமும் இல்லாத, சந்து மாதிரி ஓர் ஒழுங்கை. இரண்டு வீட்டுக்கு நடுவே கயிறு கட்டியிருந்தது.

“உடுப்புக் காயப் போட்டிருக்கினம்” என்றாள்.

“ஓம்.”

“அப்ப ஆக்கள் திரும்பி வந்திட்டினம்.”

நான் ஒரு வாரம் சுற்றி, பலகை எல்லாம் வாசித்து அறிந்துகொண்டதை அவள் ஒரு கொடியில் பார்த்துவிட்டாள். அந்தத் துணிவில் நான் விஷயத்தை எடுத்தேன். “தம்பி அப்பாட்மென்ரை விடச் சொல்லுறான். மாதம் முடியப் போகுது. நீர் என்ன சொல்லுறீர்?”

குழந்தை படத்தை வாயில் வைத்திருந்தான், அவள் அதை மெதுவாக இழுத்து எடுத்தாள். என்னத்துக்கு அது, விடுங்கோ என்று சொல்லிவிட்டால்? பிறகு நான் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

“விடாதேங்கோ” என்றாள்.

“ஏன்?”

“விடாதேங்கோ எண்டால் விடாதேங்கோ. வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் அங்க வாறன். ஞாயிறு பொழுதுபடத் திரும்பிறன்.”

குசினிக்குள் நின்ற மகள் வந்துவிட்டாள். முகம் கறுக்கப் போகிறது என்று நினைத்தேன். “அம்மா, சனி ஞாயிறு நாங்கள் ரெண்டு பேரும் வீட்டிலதானே நிக்கிறம். நீங்கள் ஒருக்காலும் கேக்கேல்லையே. உங்களுக்கு இஞ்ச நிக்கத்தான் விருப்பமெண்டெல்லோ நினைச்சம்” என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பார்த்தீர்களா? அவர்கள் கேட்கவில்லை, இவள் சொல்லவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. எங்கள் குடும்பங்களில் பாசம் கூடினால் பேச்சு குறைந்துவிடும். வாய் திறந்து கேட்பதற்கு நாங்கள் ஒரு பெரிய சண்டை வரும்வரை காத்திருக்கிறோம். மாரேயும் நிக்கோவும் ஓட்டைச் சாட்டி அதைத் தினமும் செய்துவிடுகிறார்கள்.

இந்த வெள்ளிக்கிழமை வந்தாள்.

காலையிலிருந்து நான் வீடு கூட்டினேன், கட்டில் விரிப்பு மாற்றினேன், தமிழ்க்கடையில் விளைமீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். பேசுவதற்கு நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். ஜேர்மன்கார அம்மா, பாதிக் கூரை, நிக்கோவின் போத்தல்... அவளைக் கொஞ்சம் சீண்டி, வாய்க்கு வாய் பேசி எவ்வளவு காலம்!

வந்தாள். குழம்பில் ஒரு துளி உள்ளங்கையில் விட்டுப் பார்த்தாள். “உப்புக் காணாது.” சாப்பிட்டாள். “கொஞ்சம் சரியிறன்” என்று போய்ப் படுத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம்வரை எழும்பவில்லை. எழும்பிச் சாப்பிட்டாள், கண்ணைத் திறக்க முடியாமல் திரும்பவும் போய்ப் படுத்தாள். ஞாயிற்றுக்கிழமையான இன்றைக்கும் அதே கதை. நான் குசினி மேசையில் இருந்து, பேனா உராய்கிற சத்தம்கூடக் கேட்காமல், இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆள் வந்தும் பேச ஆளில்லை. முதலில் எனக்குச் சரியான ஏமாற்றம், மறைக்க விருப்பமில்லை.

பிறகுதான் அறை வாசலில் நின்று பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, ஒரு கையை என் தலையணைக்கு மேலே எறிந்துவிட்டுக் கிடந்தாள். பிக்கரிங்கில் தொட்டில் இவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில்தான். மகளும் மருமகனும் விடிய வேலைக்குப் போகவேண்டியவர்கள் என்று இவளே இழுத்துப் போட்டது. எட்டு மாதமாக இவள் ஒரு நித்திரையையும் முழுதாகக் கொள்ளவில்லை. நான் என் தனிமையைக் கடல்தாண்டிக் கொண்டுபோய் ஊருலகத்துக்குக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன். இவளுக்குக் கண்ணை மூட ஒரு வீடு தேவைப்பட்டிருக்கிறது.

இந்த வரியை எழுதும்போது போன் அடித்தது. முதல் மணியிலேயே பாய்ந்து எடுத்தேன். மகன்தான்.

“அப்பா, நோட்டீஸ் குடுத்திட்டியளோ?”

“மெல்லமாக் கதை தம்பி” என்றேன். “அம்மா படுத்திருக்கிறா.”